எ, அன், தி: எதை, எங்கே, எந்த வரிசையில் போடுவது

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் எ, அன், தி (a, an, the) ஆகியவைதான் ஆர்ட்டிகிள்கள். அவற்றுக்கான பாடம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: “ஆங்கில உயிரெழுத்து ஐந்து, அவற்றுக்கு முன் அன் வரும், மற்றவற்றுக்கு முன் எ வரும்.” கோளாறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. எ-யா அன்-ஆ என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் அதற்குத் தாவுகிறவர்கள், வரவே கூடாத ஓர் ஆர்ட்டிகிளுக்குச் சரியான வடிவத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும்போது, எ-க்குப் பதிலாக அன் வந்த பிழையை நான் எப்போதாவதுதான் பார்க்கிறேன். போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டதும், வேண்டாத இடத்தில் தி போட்டதும்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம். படிகளை மாற்றிப் போடாமல் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கற்போருக்கான ஓர் ஆங்கில அகராதி. சாதாரண அகராதி போதாது. கற்போர் அகராதிகளில் பெயர்ச்சொல்லின் பக்கத்தில் அது எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா என்று குறித்திருப்பார்கள். பெரும்பாலும் சி, யு என்ற எழுத்துகளில். அந்தக் குறி இல்லாமல் ஐந்தாம் படியைத் தாண்ட முடியாது.

இரண்டாவது, நீங்களே எழுதிய பத்து வரி. பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகியவருக்கு, கோடில்லாத வாக்கியத்தில் ஆர்ட்டிகிள் எங்கே வேண்டும் என்பதே தெரியாமல் போகிறது. கோடுதான் பாதி விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறதே.

மூன்றாவது, கொஞ்சம் பொறுமை. இதை முதலில் எழுத்தில் செய்யுங்கள். பேசும்போது நடுவில் நின்று ஐந்து கேள்வி கேட்டுக்கொள்ள யாராலும் முடியாது. எழுத்தில் சில வாரங்கள் பழகினால் பேச்சிலும் தானாக வரத் தொடங்கும்.

இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், எட்டாம் படியில் இதற்கு ஒரு பயனும் உண்டு. மேலே, உள்ளே என்ற பொருள்களில் வரும் ‘ஆன்’, ‘இன்’ ஆகியவை முன்னிடைச்சொற்கள். ‘அன்’ என்று குறிலில் வருவதே ஆர்ட்டிகிள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள், முன்னிருக்கை காலியா என்று பாருங்கள்

ஆர்ட்டிகிள் பெயர்ச்சொல்லுக்கு உரியது. ஆனால் அது பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்காது. பெயரடைகளையெல்லாம் தாண்டி முன்னால் போய் உட்காரும். “எ வெரி ஓல்ட் உட்டன் டேபிள்” என்பதில் எ என்பது டேபிளுக்கு உரியது. ஆகவே முதலில் பெயர்ச்சொல்லைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். பிறகு அந்தத் தொடரின் தொடக்கத்துக்குப் போங்கள்.

பெயர்ச்சொல்லே இல்லை என்றால் ஆர்ட்டிகிளும் இல்லை. இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் “ஹி இஸ் அன் ஹானஸ்ட்” என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஏன் அப்படி வருகிறது என்று யோசித்தால் காரணம் தமிழில் கிடைக்கும். “அவர் ஒரு நேர்மையானவர்” என்று நாம் சொல்கிறோம். தமிழில் ‘நேர்மையானவர்’ பெயர்ச்சொல். அதனால் ‘ஒரு’ பொருந்துகிறது. ஆங்கில ‘ஹானஸ்ட்’ வெறும் பெயரடை. “ஹி இஸ் ஹானஸ்ட்” என்று நிறுத்துங்கள். அல்லது “ஹி இஸ் அன் ஹானஸ்ட் மேன்” என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த முன்னிருக்கையில் வேறு யாராவது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்களா? மை, யுவர், ஹிஸ், திஸ், தட், எவ்ரி, ஈச், நோ, சம், எனி ஆகிய எல்லாம் அதே இருக்கைக்கு உரியவை. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவருக்கு இடமில்லை. தமிழில் “என்னுடைய ஒரு நண்பன்”, “அந்த என் புத்தகம்” என்றெல்லாம் அடுக்க முடியும். ஆங்கிலத்தில் “எ மை ஃப்ரெண்ட்” என்றோ “தி மை புக்” என்றோ சொல்லவே முடியாது. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்ற பொருள் வேண்டுமென்றால் “எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்” என்று சுற்றி வர வேண்டும்.

உடைமையாளர் பெயர் முன்னால் வந்தாலும் இருக்கை நிரம்பிவிட்டதாகவே கொள்ளுங்கள். “ரவிஸ் ஹவுஸ்” போதும். அதன் முன் தி வேண்டாம். ஆனால் “தி டீச்சர்ஸ் ஹவுஸ்” சரி. அங்கே தி என்பது வீட்டுக்கு உரியதல்ல, ஆசிரியருக்கு உரியது.

ஆர்ட்டிகிளுக்கும் முன்னால் போய் நிற்கிற சில முரட்டுச் சொற்கள் உண்டு: “ஆல் தி புக்ஸ்”, “போத் தி டோர்ஸ்”, “ஹாஃப் அன் அவர்”, “ஸச் எ திங்”, “வாட் எ டே”. இவற்றுக்குத் தனி விதி தேடாதீர்கள். அப்படியே வாயில் பழக்கிக்கொள்ளுங்கள். “எ ஸச் திங்” என்று வரிசை மாற்றுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

3. ‘எது’ என்று கேட்பவருக்குத் தெரியுமா?

இதுதான் நடுத்தூண். இருக்கை காலியாக இருந்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவருக்குத் தெரியும் என்றால் தி. ஒருமை, பன்மை, எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற பாகுபாடு எதுவும் தி-க்குக் கிடையாது: “தி புக்”, “தி புக்ஸ்”, “தி வாட்டர்” மூன்றும் சரி. எனவேதான் இந்தக் கேள்வியை எண்ணிக்கைக் கேள்விக்கு முன்னால் வைக்கிறேன். ‘ஆம்’ என்று விடை வந்தால் வேலை அதோடு முடிந்தது.

கவனியுங்கள்: கேட்பவருக்கு. உங்களுக்கு அல்ல. நான் பார்க்கும் வேண்டாத தி-க்களில் பெரும்பங்கு இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. நடந்ததைச் சொல்ல உட்காரும் ஒருவர் முதல் வரியிலேயே “ஐ மெட் தி மேன் ஆன் தி ட்ரெயின்” என்று தொடங்குகிறார். அவர் மனத்தில் அந்த மனிதரின் முகம்கூட இருக்கிறது. படிப்பவருக்கோ ஒன்றுமில்லை, “எந்த மனிதர்? முந்தைய பக்கத்தை விட்டுவிட்டேனா?” என்று திரும்பிப் பார்க்கிறார். “எ மேன்” என்று அறிமுகம் செய்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து “தி மேன்” என்று உரிமையோடு பேசலாம்.

ஆகவே சோதனை இதுதான்: நீங்கள் சொன்னதும் எதிரில் இருப்பவர் குழம்பி “எந்த?” என்று கேட்பாரா? கேட்பார் என்றால் தி வரக்கூடாது.

கேட்பவருக்கு எப்படித் தெரியவரும்? ஏற்கெனவே சொல்லியிருப்பதால் தெரியலாம் என்பதை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அதைவிட அடிக்கடி வருவது வேறொன்று: முன்பு சொன்ன ஒரு பொருளிலிருந்து இன்னொன்று தானாகப் புலப்படுவது. “ஐ வென்ட் இன்ட்டு எ ரூம். தி விண்டோஸ் வேர் ஓப்பன்.” ஜன்னலைப் பற்றி முன்பு பேச்சே இல்லை. ஆனாலும் அறை என்றால் ஜன்னல் இருக்கும்; எந்த அறையின் ஜன்னல் என்பதும் தெரியும். “முதல் முறை எ, இரண்டாம் முறை தி” என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள்.

சூழலும் சொல்லிக் கொடுக்கும். ஓர் அறைக்குள் இருந்துகொண்டு “க்ளோஸ் தி டோர்” என்றால் எந்தக் கதவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். “தி சன்”, “தி மூன்”, “தி ஸ்கை” ஆகியவற்றுக்கும் இதே காரணம்தான். நமக்குத் தெரிந்தது ஒன்றே.

ஒன்றை மட்டும் தனித்துக் காட்டும் சொற்கள் பெயருக்கு முன்னால் வந்தாலும் தி வரும்: “தி பெஸ்ட்”, “தி ஃபர்ஸ்ட்”, “தி சேம்”, “தி ஒன்லி”. மிகச் சிறந்தது ஒன்றுதானே இருக்க முடியும். அதனால் கேட்பவர் ‘எது’ என்று தடுமாற வழியில்லை. ஆனால் இந்தச் சொற்களைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு தி போடாதீர்கள். “எ செகண்ட் சான்ஸ்” என்றால் ‘இன்னொரு வாய்ப்பு’ என்றுதான் பொருள். வரிசையில் இரண்டாவது என்பதல்ல. உடன்பிறந்தவர் இல்லாத குழந்தை “அன் ஒன்லி சைல்ட்”. அப்படிப்பட்ட குழந்தைகள் உலகில் பலர் இருக்கிறார்கள்.

பின்னால் வரும் விளக்கத் தொடர் பொருளை அடையாளம் காட்டுவதும் உண்டு: “தி கீ ஆஃப் திஸ் லாக்”, “தி லெட்டர் யூ சென்ட் மீ”. இங்கே ஒரு பொறி இருக்கிறது. விளக்கம் வந்தாலே தி என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். “எ லெக் ஆஃப் திஸ் டேபிள் இஸ் புரோக்கன்” என்பதில் விளக்கம் இருக்கிறது. ஆனால் மேஜைக்குக் கால் நான்கு. அவற்றில் எது என்று தெரியாததால் எ-தான். விளக்கம் ஒன்றே ஒன்றில் போய் நிற்கிறதா என்று பாருங்கள்.

4. தமிழின் இரண்டாம் வேற்றுமையை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்

“தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் நமக்கு இது வராது” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனிச்சொல் இல்லையே தவிர, தெரிந்தது எது தெரியாதது எது என்ற பாகுபாட்டை நாம் நாள் முழுவதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

“கடிதம் எழுதினேன்”, “கடிதத்தை எழுதினேன்” இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு கடிதம். இரண்டாவதில் இருவருக்கும் தெரிந்த அந்தக் கடிதம். ஆங்கிலத்தில் முதலாவது “ஐ ரோட் எ லெட்டர்”; இரண்டாவது “ஐ ரோட் தி லெட்டர்”. ‘ஐ’ உருபு வெளிப்பட்டு நிற்கிறதா, மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பட்டிருந்தால் தி-யை நோக்கிச் சாயுங்கள்.

சொல்வரிசையும் இதே வேலையைச் செய்கிறது. “மேஜை மேல் புத்தகம் இருக்கிறது” என்றால் “தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்”. “புத்தகம் மேஜை மேல் இருக்கிறது” என்றால் “தி புக் இஸ் ஆன் தி டேபிள்”. தெரிந்த பொருளை நாம் முன்னால் கொண்டுவருகிறோம்; புதியதைப் பின்னால் தள்ளுகிறோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இதைச் செய்கிறோம்.

இந்த உரைகல்லுக்கு எல்லைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களைப் பள்ளத்தில் தள்ளியவன் ஆவேன். உயர்திணைப் பெயர்களில் இது வேலை செய்யாது. “ஒரு டாக்டரைப் பார்த்தேன்” என்பதில் உருபு கட்டாயம் வரும். ஆனால் பொருள் “எ டாக்டர்”தான். அஃறிணையிலும் ‘ஒரு’ கூடவே நின்றால் (“ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தேன்”) எ-யே வெல்லும். சில வினைகளோடு உருபை விடவே முடியாது. “கதவை மூடு” என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: ‘ஐ’ உருபு தெரிந்த பொருளைக் காட்டும், ஆனால் ஆங்கிலம் அங்கே தி-க்குப் பதிலாக உடைமைச் சொல்லைக் கேட்கலாம். “கையைக் கழுவினான்” என்பது “ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ்”. உடல் உறுப்புகளுக்கும் உடைகளுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதுவே வழக்கம்.

5. தெரியாது என்றால்: எண்ண முடியுமா?

மூன்றாம் படியின் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

எண்ணக்கூடிய பெயர், ஒருமையில் இருந்தால் எ அல்லது அன் கட்டாயம். பன்மையிலோ எண்ண முடியாத பெயரிலோ ஒன்றும் போட வேண்டாம். தேவைப்பட்டால் ‘சம்’ போடலாம். இந்தப் படியில் சுவரில் எழுதி வைக்கத் தகுந்த ஒரே விதி: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் வெறுமையாக நிற்காது. முன்னிருக்கையில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இதை மீறுவது பெரும்பாலும் தொழில் பெயர்களில் நடக்கிறது. “அவள் டாக்டர்” என்று தமிழில் சொல்லிவிடலாம், ‘ஒரு’ தேவையில்லை. அதே பழக்கத்தில் “ஷி இஸ் டாக்டர்” வந்துவிடுகிறது. “ஷி இஸ் எ டாக்டர்” என்பதே சரி. “ஐ வொர்க் ஆஸ் அன் எஞ்சினியர்”, “ஹி கேம் வித்அவுட் அன் அம்ப்ரெல்லா” ஆகியவையும் இதே வகை. ‘ஆஸ்’, ‘வித்அவுட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் ஒருமைப் பெயரை ஒருமுறை நின்று பாருங்கள்.

அடுத்த தொல்லை, எண்ண முடியும்போலத் தோன்றி ஏமாற்றும் சொற்கள். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், நியூஸ், எவிடென்ஸ் ஆகியவை ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. தமிழில் “ஒரு தகவல்”, “இரண்டு யோசனைகள்” என்று எண்ணுகிறோம். அந்த எண்ணும் புத்தி ஆங்கிலத்துக்குள் ஒட்டிக்கொண்டு வந்து “அன் இன்ஃபர்மேஷன்”, “மெனி அட்வைசஸ்” என்று ஆகிவிடுகிறது. எண்ணியே தீர வேண்டும் என்றால் “எ பீஸ் ஆஃப் அட்வைஸ்” என்று ஒரு துண்டை எண்ணுங்கள். எந்தச் சொல் எந்த வகை என்பதைப் பொருளை வைத்து ஊகிக்காதீர்கள், அகராதியைப் பாருங்கள். ‘ஜாப்’ எண்ணக்கூடியது, ‘வொர்க்’ எண்ண முடியாதது. இரண்டுக்கும் தமிழில் வேலைதான்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் உட்காரும். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ எண்ண முடியாததாக வந்தால் பல ஆண்டுப் பணியில் சேர்ந்த அனுபவம். “அன் எக்ஸ்பீரியன்ஸ்” என்றால் ஒரு நாள் நேர்ந்த நிகழ்வு. ‘பேப்பர்’ என்றால் தாள் என்ற பொருள். “எ பேப்பர்” என்றால் செய்தித்தாள் அல்லது கட்டுரை. ஆர்ட்டிகிள் இங்கே பொருளையே மாற்றிவிடுகிறது.

‘ஃப்யூ’, ‘லிட்டில்’ இரண்டிலும் அப்படித்தான். “ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்” என்பவருக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள். எ-யை எடுத்துவிட்டால், நண்பர்களே அரிது என்று வருந்துகிறார். ஒரே எழுத்துதான், வாக்கியத்தின் முகமே மாறிவிடும்.

‘ஒரு’ என்பதை ‘ஒன்’ என்று பெயர்ப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “ஒன் மேன் கேம் டு சீ யூ” என்று எழுதினால், இரண்டு பேரோ மூன்று பேரோ அல்ல, ஒருவர்தான் வந்தார் என்று எண்ணிக்கையை அழுத்துகிறீர்கள். யாரோ ஒருவர் வந்தார் என்பதற்கு “எ மேன்” போதும்.

6. இனம் முழுவதையும் பேசுகிறீர்களா?

“எனக்கு நாய்களைப் பிடிக்கும்” என்பதில் ‘ஐ’ உருபு இருக்கிறது. நாலாம் படியின் உரைகல்லை அப்படியே நம்பினால் “ஐ லைக் தி டாக்ஸ்” வரும், அது தவறு. அப்படிச் சொன்னால் நம் இருவருக்கும் தெரிந்த சில குறிப்பிட்ட நாய்கள் என்று பொருள். நாய் என்ற இனம் முழுவதையும் சொல்லும்போது வெறும் பன்மை: “ஐ லைக் டாக்ஸ்”. எண்ண முடியாதது என்றால் அதுவும் வெறுமையாகவே நிற்கும்: “லைஃப் இஸ் ஷார்ட்”, “வாட்டர் ஃப்ரீசஸ் அட் ஜீரோ டிகிரீஸ் செல்சியஸ்”.

கட்டுரை எழுதுகிறவர்கள் கைதவறிப் போடுபவை “தி நேச்சர்”, “தி சொசைட்டி”, “தி எஜுகேஷன்”. இயற்கை, சமூகம், கல்வி என்று பொதுவாகப் பேசினால் தி வேண்டாம். “தி எஜுகேஷன் ஷி ரிசீவ்ட்” என்று ஒருத்தி பெற்ற கல்வியைக் குறிப்பிட்டால் மட்டும் தி வரும்.

“தி டைகர் இஸ் எ லார்ஜ் கேட்” என்று ஒருமையில் தி போட்டு இனத்தைச் சொல்வதும் உண்டு. அறிவியல் நடையில் அது அழகு. அன்றாட எழுத்தில் பன்மையே பாதுகாப்பு. “தி ரிச்”, “தி புவர்” போன்றவை தனி வகை: பெயரடை முன் தி சேர்ந்து அந்தப் பிரிவு மக்கள் அனைவரையும் குறிக்கும், வினை பன்மையில் வரும்.

7. சிறப்புப் பெயர்கள்

இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. ஆள், ஊர், பெரும்பாலான நாடுகள், கண்டங்கள், மொழிகள் ஆகியவற்றுக்கு ஆர்ட்டிகிள் இல்லை. பெயரே யார், எது என்று சொல்லிவிடுகிறது.

நாட்டுப் பெயருக்குள் ஒரு பொதுப்பெயர் இருந்தாலோ அது பன்மையாக இருந்தாலோ தி வரும்: “தி யுனைடெட் கிங்டம்”, “தி யுனைடெட் ஸ்டேட்ஸ்”, “தி நெதர்லாண்ட்ஸ்”, “தி பிலிப்பைன்ஸ்”. ஆறு, கடல், பெருங்கடல், பாலைவனம், மலைத்தொடர் ஆகியவற்றுக்கும் தி: “தி நைல்”, “தி பசிஃபிக்”, “தி சஹாரா”, “தி ஆல்ப்ஸ்”. தனிச் சிகரத்துக்கும் ஏரிக்கும் இல்லை: “மவுண்ட் எவரெஸ்ட்”, “லேக் விக்டோரியா”. மொழிப் பெயரில் ஒரு சிறு வேறுபாடு: “ஷி ஸ்பீக்ஸ் டமில்” என்பதில் ஒன்றுமில்லை, ‘லாங்குவேஜ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் “தி டமில் லாங்குவேஜ்”.

8. இப்போதுதான் எ-யா, அன்-ஆ

இவ்வளவு தூரம் வந்தும் இருக்கையில் எ வகைதான் வர வேண்டும் என்று முடிவாகியிருந்தால், ஒலியைக் கேளுங்கள். அடுத்து வரும் சொல் உயிரொலியில் தொடங்கினால் அன். மெய்யொலியில் தொடங்கினால் எ. எழுத்தைப் பார்க்காதீர்கள்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. நம் எழுத்து பெரும்பாலும் ஒலியைப் பின்பற்றுவது. சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிர் என்றால் அன். உயிர்மெய் என்றால் எ. ‘யூனிவர்சிட்டி’ என்பது யூ-வில் தொடங்குகிறது; ஆகவே “எ யூனிவர்சிட்டி”. ‘யூரோப்பியன்’, ‘யூஸ்ஃபுல்’, ‘யூனிஃபார்ம்’ ஆகியவையும் அப்படியே. மணியைக் குறிக்கும் ‘அவர்’ அகரத்தில் தொடங்குகிறது, “அன் அவர்”. சுருக்கங்களும் இதில் அடங்கும்: “அன் எம்.பி.ஏ. டிகிரி”, “அன் எக்ஸ்ரே”, “அன் எஸ்.எம்.எஸ்.”, ஆனால் “எ யூ.எஸ்.பி. கேபிள்”.

இந்த உபாயம் இரண்டு இடங்களில் சறுக்கும். ‘ஒன்’ என்று நாம் எழுதும் சொல்லின் உண்மை ஒலி ‘வன்’. ஆகவே “எ ஒன்-வே ஸ்ட்ரீட்”. ‘ஹானஸ்ட்’ என்று எழுதுகிறோம், ஒலியோ ‘ஆனஸ்ட்’, ஆகவே “அன் ஹானஸ்ட் மேன்”. உச்சரிப்புப் பழக்கமும் கெடுக்கும். ‘எக்ஸாம்’ என்பதை ‘யெக்ஸாம்’ என்றும், ‘ஓல்ட்’ என்பதை ‘வோல்ட்’ என்றும் சொல்லிப் பழகியவர்கள், காதை நம்பி “எ எக்ஸாம்”, “எ ஓல்ட் ஹவுஸ்” என்று எழுதிவிடுகிறார்கள். அந்த யகரத்தையும் வகரத்தையும் நாக்கிலிருந்து உதிர்த்துவிட்டுச் சோதியுங்கள்.

பார்க்க வேண்டியது அடுத்த சொல்லை, பெயர்ச்சொல்லை அல்ல. “அன் அம்ப்ரெல்லா”, ஆனால் “எ பிக் அம்ப்ரெல்லா”. “எ ஹவுஸ்”, ஆனால் “அன் ஓல்ட் ஹவுஸ்”. வாக்கியத்தைத் திருத்தும்போது நடுவில் ஒரு பெயரடையைச் செருகினால், முன்னால் இருப்பதை மறுபடி பாருங்கள்.

தி-க்கும் ஒலி மாற்றம் உண்டு. உயிரொலிக்கு முன் ‘தி’ என்றும், மெய்யொலிக்கு முன் மெலிந்து ‘த’ போலவும் ஒலிக்கும். எழுத்தில் மாற்றமில்லை.

9. கேள்விக்கு அடங்காத தொடர்கள்

சில தொடர்களில் மேலே சொன்ன எந்தக் கேள்வியும் உதவாது. “அட் ஹோம்”, “அட் நைட்”, “பை பஸ்”, “ஆன் ஃபுட்”, “டு பெட்”, “டு வொர்க்” ஆகியவற்றில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆனால் “இன் தி மார்னிங்”, “இன் தி ஈவ்னிங்” ஆகியவற்றில் உண்டு. இரவுக்கு இல்லாதது காலைக்கு ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

பள்ளி, சிறை போன்றவற்றில் மட்டும் ஒரு தர்க்கம் தெரிகிறது. படிக்கப் போகிறவர் “கோஸ் டு ஸ்கூல்”. அந்தக் கட்டடத்துக்கு வேறு வேலையாகப் போகிறவர் “கோஸ் டு தி ஸ்கூல்”. மருத்துவமனைக்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நோயாளி “இன் ஹாஸ்பிட்டல்”. அமெரிக்க ஆங்கிலத்தில் “இன் தி ஹாஸ்பிட்டல்”. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள்.

‘ஒன்றுக்கு’ என்ற பொருளிலும் எ வரும்: “ட்வைஸ் எ வீக்”, “60 கிலோமீட்டர்ஸ் அன் அவர்”.

10. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

பயிற்சிக்காக நானே பிழைகளை நட்டு வைத்த பத்தி இது:

“ஐ ஆம் நர்ஸ். தி லாஸ்ட் வீக் ஐ பாட் தி ஓல்ட் பைசைக்கிள். பெல் வாஸ் புரோக்கன். நவ் ஐ சைக்கிள் டு தி வொர்க் இன் ஹாஃப் அவர். ஐ லவ் தி சைக்கிளிங். எ மை ஃப்ரெண்ட் கேவ் மீ அன் யூஸ்ஃபுல் அட்வைஸ்.”

‘நர்ஸ்’: இருக்கை காலி, கேட்பவருக்குத் தெரிந்த குறிப்பிட்ட ஆள் அல்ல, எண்ணக்கூடிய ஒருமை. “எ நர்ஸ்”.

‘லாஸ்ட் வீக்’: இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணும் போன வாரம், போன ஆண்டு ஆகியவற்றுக்கு ஆர்ட்டிகிள் இல்லை. ‘லாஸ்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும், மூன்றாம் படியில் சொன்ன ‘ஃபர்ஸ்ட்’, ‘பெஸ்ட்’ கூட்டத்தோடு சேர்த்துவிட்டதால் வந்த பிழை.

‘பைசைக்கிள்’: முதல் முறை பேச்சில் வருகிறது, “எந்த சைக்கிள்?” என்று கேட்பார்கள். ஆகவே எ வகை. அடுத்த சொல் ‘ஓல்ட்’. “அன் ஓல்ட் பைசைக்கிள்”. ‘பெல்’ புதிய சொல்தான், ஆனால் சைக்கிள் வந்தபோதே மணியும் வந்துவிட்டது, “தி பெல்”.

‘வொர்க்’, ‘ஹாஃப் அவர்’ இரண்டும் பழக்கத் தொடர்கள்: “டு வொர்க்”, “ஹாஃப் அன் அவர்”. ‘சைக்கிளிங்’ பொதுவான செயல், தி-யை எடுங்கள்.

கடைசி வரியில் ‘மை’ இருக்கையைப் பிடித்துவிட்டதால் “எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்”. பிறகு “அன் யூஸ்ஃபுல் அட்வைஸ்”. இதைப் பார்த்ததும் ஒலி விதி தெரிந்தவர் உடனே “எ யூஸ்ஃபுல் அட்வைஸ்” என்று மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். யூ என்பது யகரம்தானே. ஐந்தாம் படியில் நின்று பார்த்தவர் அட்வைஸை எண்ண முடியாது என்று கண்டு, எ, அன் இரண்டையும் அடித்துவிட்டு “சம் யூஸ்ஃபுல் அட்வைஸ்” என்று எழுதுவார்.